சலவைத்தூள் மக்குமா?

ஆங்கில மூலத்தில் 'பயோடிகிரேடபிள்' என்று கண்டால் போதும், மொழிபெயர்ப்பாளர்கள் யோசிக்காமல் 'மக்கும் தன்மையுடைய' என்று எழுதிவிடுகிறார்கள். குப்பைத்தொட்டிக்கு அது சரி. சலவைத்தூளுக்கும் அதையே ஒட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பயோ, கிரேக்கத்தில் உயிர். டிகிரேடு, இலத்தீனில் படியிறங்குவது. வேர் அவ்வளவுதான்.

மக்குவது இலை, சாணம், வைக்கோல். மண்ணோடு மண்ணாகி எருவாகும்; கெடுதல் ஒன்றும் மிஞ்சாது என்ற நிம்மதியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நீரில் கரைந்த சலவை வேதிப்பொருளுக்கு அந்த நிம்மதி பொருந்தாது. 1950களில் வந்த கிளைச்சங்கிலிச் (கார்பன் சங்கிலி கிளைகிளையாகப் பிரிந்த) சலவைப்பொருள்களை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. 1960களில், கிளையில்லாத நேர்ச்சங்கிலி வகைக்கு மாறினார்கள். இந்தச் சங்கிலியின் வால்நுனியை நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனேற்றும். பிறகு இரண்டிரண்டு கார்பனாக நறுக்கும். சங்கிலி ஒட்டியிருக்கும் பென்சீன் வளையம் உடைவது கடைசியில்தான். அதாவது, நுரை அடங்கிய பிறகும் வேலை பாதி கிடக்கிறது. நானைல்பீனால் எத்தாக்சிலேட்டு என்ற இன்னொரு சலவை வேதிப்பொருள் இன்னும் மோசம்: அது சிதைந்து வரும் நானைல்பீனால் தாய்ப்பொருளைவிட நஞ்சு, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவும் நடிக்கும். இதையும் 'மக்கியது' என்பீர்களா?

இத்தாலியின் வெனிஸ் காயலைப் பாருங்கள், ஆங்கிலத்தில் 'லகூன்'. (அதை 'வெனிஸ் ஏரி' என்று எழுதுகிறவர்களோடு தனியாகச் சண்டை போட வேண்டும். காயல் இருக்கிறது, ஈழத்தில் களப்பு இருக்கிறது, எதற்கு ஏரி?) பழைய நகரத்தின் வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் நேராகக் கால்வாய்களில் விழுகிறது. அலையேற்றம் வந்து போகும் இடத்தில் ஆக்சிஜன் இருப்பதால் நேர்ச்சங்கிலிப் பொருள் சிதைகிறது. ஆனால் ஒரு பகுதி வண்டலில் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத அந்தக் கறுப்புச் சேற்றில் அது அப்படியே கிடக்கும்.

'உயிர்ச்சிதைவு' என்ற இன்னொரு ஆக்கமும் உண்டு. உயிரே சிதைகிறதோ என்று படிப்பவர் பயப்படுவார். என் பரிந்துரை 'நுண்ணுயிர்ச் சிதைவு'. நீளம்தான், ஆனால் எது சிதைக்கிறது என்பதில் குழப்பமில்லை. அதிலும் நுரைக்கும் குணம் போவதை முதற்சிதைவு என்றும், கார்பன் டையாக்சைடு, நீர், சல்ஃபேட்டு வரை போவதை முழுச்சிதைவு என்றும் பிரிக்க வேண்டும். மொழிபெயர்க்க உட்காருகிறவர், மூலத்தில் இந்த இரண்டில் எது என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.