ஸ்க்ரம் மாஸ்டர்: சொல்லும் வேலையும்

வேலைவாய்ப்பு விளம்பரங்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் கண்ணில் இந்தப் பெயர் படாமல் போகாது. ஸ்க்ரம் மாஸ்டர், அஜைல் கோச், அஜைல் ஃபெசிலிடேட்டர் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறினாலும், கேட்கப்படும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் சிறு குழு தடையின்றி இயங்கத் துணை நிற்பது. மென்பொருள் நிறுவனங்கள் மட்டுமே தேடிவந்த இந்த ஆட்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கார் தயாரிப்பாளர்களும் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் விளம்பரம் கொடுப்பவருக்கும் விண்ணப்பிப்பவருக்கும் இந்தப் பணியைப் பற்றி வெவ்வேறு எண்ணம் இருப்பதை அடிக்கடி காண்கிறேன். குழப்பத்தில் பாதி பெயரிலேயே இருக்கிறது.

ஸ்க்ரம் என்பது ரக்பி ஆட்டத்துச் சொல். பந்தைக் கை தவறி முன்னே நழுவவிடுவது போன்ற சிறு பிழையால் ஆட்டம் நின்றுபோனால், அதை மீண்டும் தொடங்கும் முறை அது. அணிக்கு எட்டுப் பேராக இரு தரப்பும் மூன்று வரிசைகளில் தோளோடு தோள் பிணைந்து, தலை குனிந்து, எதிரணியை நேருக்கு நேர் முட்டித் தள்ளுவார்கள். நடுவில் உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளித் தம் பக்கம் எடுக்க வேண்டும். எட்டுப் பேரில் ஒருவர் பிடியைத் தளர்த்தினாலும் அணி முழுவதும் பின்வாங்க நேரிடும். ஸ்க்ரமேஜ் என்பதன் சுருக்கமே ஸ்க்ரம். அதற்கும் முந்தைய வடிவம் ஸ்கர்மிஷ், அதாவது சிறு படைகளுக்கு இடையே நடக்கும் கைகலப்பு.

போர்க்களத்திலிருந்து விளையாட்டுத் திடலுக்கு வந்த சொல்லை அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் இரண்டு ஜப்பானிய மேலாண்மை அறிஞர்கள். ஹிரோடாகா டகேயுச்சியும் இகுஜிரோ நொனாகாவும் 1986ஆம் ஆண்டு ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, ஹோண்டா, கேனான், ஃபூஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதிய பொருள்களை எவ்வாறு விரைந்து உருவாக்கின என்று ஆராய்ந்தது. வடிவமைப்புத் துறை முடித்து உற்பத்தித் துறையிடம் கொடுப்பது, அது முடித்து அடுத்த துறையிடம் கொடுப்பது என்று தொடர் ஓட்டம்போல வேலை கைமாறும் முறையை அவர்கள் ஏற்கவில்லை. ரக்பியில் அணி முழுவதும் பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு ஒன்றாக முன்னேறுவதுபோல, எல்லாத் துறையினரும் தொடக்கம் முதலே ஒரே குழுவாக இருக்க வேண்டும் என்றார்கள். கணினி நிரல் எழுதுவது அந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. கார், கேமரா, நகலெடுக்கும் இயந்திரம் போன்ற பொருள்களைப் பற்றித்தான் பேசியது.

இந்தக் கருத்தை மென்பொருளுக்கு எடுத்துச் சென்றவர் ஜெஃப் சதர்லாண்ட். 1993இல் ஈசல் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தில் செய்து பார்த்தார். 1995இல் அவரும் கென் ஷ்வேபரும் இதை ஒரு முறையாக வகுத்து மாநாட்டில் முன்வைத்தார்கள். அஜைல் என்ற பொதுப்பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பெயர் நிலைபெற்றது. மாறும் தேவைக்கேற்பச் சிறு சிறு கட்டங்களாகப் பொருளை உருவாக்கும் முறைகளுக்கெல்லாம் அஜைல் பெரிய குடை. ஸ்க்ரம் அதன் கீழ் வரும் முறைகளில் ஒன்று.

அடுத்த பாதி மாஸ்டர். எனக்குச் சுவையாகப் படுவது இதுதான். நம் ஊரில் இந்தச் சொல் இரண்டு திசைகளில் வளர்ந்திருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர் என்றால் அதிகாரம் உள்ளவர். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துபவர். பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், கட்டிங் மாஸ்டர் என்றால் கைத்திறன் உள்ளவர். கடை அவருடையது அல்ல, கல்லாவும் அவர் கையில் இல்லை. ஆனால் தொழிலின் நுணுக்கம் அவரிடம் இருக்கிறது. ஸ்க்ரம் மாஸ்டர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். முறையை நன்கு அறிந்தவர் என்பதால்தான் மாஸ்டர். விளம்பரம் எழுதுபவர்களில் பலர் அவரை ஸ்டேஷன் மாஸ்டராக எண்ணிக்கொள்வதே சிக்கல்.

மாஸ்டரின் மூலமான மாஜிஸ்டர் என்ற லத்தீன் சொல் 'மேலான, மிகுந்த' என்னும் பொருள் கொண்ட அடியிலிருந்து பிறந்தது. அதற்கு நேர் எதிராக, 'குறைந்த' என்னும் பொருள்படும் அடியிலிருந்து பிறந்த சொல் மினிஸ்டர். முதலில் அது பணியாளரையே குறித்தது. 1970இல் ராபர்ட் கிரீன்லீஃப் முன்வைத்த 'பணி செய்யும் தலைமை' என்ற கருத்துதான் ஸ்க்ரம் மாஸ்டர் பணிக்கு நெடுங்காலம் விளக்கமாகச் சொல்லப்பட்டுவந்தது. பெயர் மாஜிஸ்டருடையது, வேலை மினிஸ்டருடையது.

அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஸ்க்ரம் குழுவில் பெரும்பாலும் பத்துப் பேருக்கு மிகாமல் இருப்பார்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசைப்படுத்துபவர் ஒருவர், செய்பவர்கள் சிலர், ஸ்க்ரம் மாஸ்டர் ஒருவர். ஒரு மாதத்துக்கு மிகாத சுற்றுகளாக வேலை நடக்கும். அந்தச் சுற்றுக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். தினமும் 15 நிமிடம் கூடிப் பேசுவார்கள். ஒரு நாள் சோதனையாளர் ஒருவர், 'சோதனை சர்வருக்கு அனுமதி கேட்டிருக்கிறேன், வரவில்லை' என்கிறார். மறுநாளும் அதையே சொல்கிறார். மூன்றாம் நாளும் அப்படியே. திட்ட மேலாளராக இருந்தால் 'ஏன் தாமதம், எப்போது முடியும்?' என்று கேட்டுத் தேதி குறித்துக்கொள்வார். நல்ல ஸ்க்ரம் மாஸ்டர் முதல் நாளே கூட்டம் முடிந்ததும் அந்த அனுமதியைத் தர வேண்டிய துறைக்குப் போய், யார் மேசையில் அது நிற்கிறது என்று கண்டுபிடித்திருப்பார். சுற்று முடிந்தபின் நடக்கும் மீள்நோக்குக் கூட்டத்தில், இந்த அனுமதி ஒவ்வொரு முறையும் ஏன் இழுபடுகிறது என்ற கேள்வியைக் குழுவின் முன் வைப்பார். விடையை அவர் சொல்ல மாட்டார். குழுவைச் சொல்ல வைப்பார். கூட்டத்தில் வாயே திறக்காத இளநிலைப் பொறியாளர் பேசுவதற்கு இடம் உண்டாக்குவதும், எல்லாவற்றையும் தானே பேசித் தீர்க்கும் மூத்தவரை மரியாதை குறையாமல் நிறுத்துவதும் அவர் வேலைதான்.

தேவை வளர்ந்ததற்கான காரணம் இந்தக் குழு அளவிலேயே இருக்கிறது. பத்துப் பேருக்கு ஒரு குழு என்றால், ஆயிரம் பேர் உள்ள நிறுவனத்துக்கு நூறு குழுக்கள். ஒருவர் இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துக்கொண்டாலும் பல பத்து ஸ்க்ரம் மாஸ்டர்கள் தேவைப்படுவார்கள். நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி 2015இல் தன் தலைமையகப் பணியாளர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து அமைத்தது உலகெங்கும் பேசப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் இப்படி மாறும்போது, அவற்றுக்காகச் சென்னையிலும் பெங்களூரிலும் இயங்கும் குழுக்களும் அதே முறைக்கு மாற வேண்டியிருக்கிறது. சோதனையாளர்களும் வணிகப் பகுப்பாய்வாளர்களும் திட்ட ஒருங்கிணைப்பாளர்களும் இந்தப் பணிக்கு நகர்வது அதனால்தான்.

எதிர்த்திசையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கி தன் அஜைல் பணிப்பிரிவையே நீக்கியபோது 1,100க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. அந்த வேலைகளைப் பொறியாளர்களும் பொருள் மேலாளர்களும் சேர்த்தே பார்த்துக்கொள்ளட்டும் என்று நிறுவனம் முடிவு செய்தது. கூட்டம் கூட்டுவதும், ஜிரா என்ற பணிப்பதிவு மென்பொருளில் அட்டைகளை நகர்த்துவதும், வாராந்திர அறிக்கை அனுப்புவதும் மட்டுமே ஒருவர் வேலை என்றால் அதைப் பிரித்துக் கொடுத்துவிட முடியும். மூன்று நாள் நின்றுபோன அனுமதியைத் தேடிப் போகும் வேலையை அவ்வளவு எளிதில் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆகவே இந்தப் பணிக்கு வர விரும்பும் இளைஞர்களிடம் நான் வலியுறுத்துவது, சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே. பரவலாக எழுதப்படும் தேர்வுகளில் ஒன்று 60 நிமிடத்தில் 80 கேள்விகளுக்கு விடையளித்து 85 விழுக்காடு பெறுவது. நன்றாகப் படித்தால் தேறிவிடலாம். ஆனால் பேசாதவரைப் பேசவைக்கும் திறனை அந்தத் தேர்வு அளப்பதில்லை.

இனித் தமிழ்ச் சொல். ஸ்க்ரமுக்கு 'மொய்திரள்' என்றும் அஜைலுக்குத் 'தகவெளிமை' என்றும் கணினித் தமிழில் எழுதியிருக்கிறார்கள். மொய்திரள் எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். மொய்த்தல் என்றால் நெருங்கிச் சூழ்தல். ஈ மொய்ப்பதும் கூட்டம் மொய்ப்பதும் நாம் தினமும் சொல்வது. அகராதியைப் புரட்டினால் மொய் என்பதற்கு வலிமை, போர் என்ற பொருள்களும் உண்டு. ஸ்கர்மிஷ் என்ற மூலத்தில் இருந்த கைகலப்பு தமிழிலும் அடியாழத்தில் இருப்பது அரிய பொருத்தம். எல்லோரும் கூடி ஒரு குடும்பத்துக்குத் தோள் கொடுக்கும் திருமண மொய்யும் அதே சொல்தான்.

மாஸ்டருக்கு என்ன போடுவது? மேலாளர் என்றால் அதிகாரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருங்கிணைப்பாளர் என்றால் கூட்டம் கூட்டுபவர் என்று மட்டும் ஆகும். நடத்துநர் என்றால் தமிழ்நாட்டில் முதலில் பஸ் நினைவுக்கு வரும். ஃபெசிலிடேட்டர் என்பதை 'வசதியாளர்' என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சொல் வைத்ததே தவிர, தமிழில் வசதியானவர் என்றால் பணக்காரர். 'ஏதுவாளர்' பொருளால் நெருங்கி வருகிறது, நாவில் இன்னும் பழகவில்லை. இலங்கையின் பயிற்சிப் பட்டறைகளில் வழங்கும் 'வளவாளர்' அழகான சொல். ஆனால் அது பாடம் சொல்லித் தருபவரைக் குறிக்கும்.

நான் பரிந்துரைப்பது நெறியாளர். தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்கிறார், நேரம் பார்க்கிறார், பேச்சு தடம் மாறினால் திருப்பிவிடுகிறார். தீர்ப்பு அவருடையது அல்ல. பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறியாளர் வழி காட்டுகிறார். ஆய்வைச் செய்வது மாணவர். ஆய்வு நெறியாளருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், இருப்பினும் அந்தச் சொல்லில் முன்னிற்பது நெறி, அதாவது வழியும் முறையும். முறையை அறிந்தவர் என்பதுதானே மாஸ்டர் என்று வைத்ததன் நோக்கமும்.

ஆகவே ஸ்க்ரம் மாஸ்டருக்கு மொய்திரள் நெறியாளர், அஜைல் குழுக்களில் அதே பணியைச் செய்யும் மற்றவர்களுக்குப் பொதுவாகக் குழு நெறியாளர். ஸ்பிரின்டுக்குக் குறுவோட்டம் பொருந்தும். சான்றிதழின் பெயரையும் விண்ணப்பத்தில் கேட்கப்பட்ட பதவிப் பெயரையும் மாற்றாமல் ஸ்க்ரம் மாஸ்டர் என்றே எழுத வேண்டும். கட்டுரையில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, பிறகு நெறியாளர் என்று தொடரலாம். இலங்கை வாசகர்களுக்கு எழுதும்போது மட்டும் 'மொய்திரள்' அல்லது 'குழு' என்ற முன்சொல்லை எந்த இடத்திலும் விடக்கூடாது. அங்கே நெறியாளர் என்றால் நாடகத்தை இயக்குபவர், நெறியாள்கை என்றால் அவர் செய்யும் இயக்கம்.