இடைவெளியைத் துடைக்குமுன் பைட்டைப் பாருங்கள்

தமிழ்க் கோப்பில் வேண்டாத இடைவெளிகளை நீக்கியபின் ‘நீ’யும் ‘போ’வும் உடைந்து கிடந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, லினக்ஸில் எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் பயன்படும் ‘டிஆர்’ கட்டளையை.

வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிய உரையில், யுனிகோடில் யு+200பி என்ற எண் கொண்ட அகலமில்லா இடைவெளி ஒளிந்திருக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட் (பதினாறடிமான எண்ணில்): இ2, 80, 8பி. லினக்ஸில் வரும் குனு டிஆருக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். அந்த இடைவெளியைக் கொடுத்து, நீக்கச் சொல்லும் ‘மைனஸ் டி’ போட்டால், கோப்பில் 80, 8பி எங்கிருந்தாலும் பிடுங்கிவிடும். ஈகாரக் குறி இ0 ஏஎஃப் 80. ஓகாரக் குறி இ0 ஏஎஃப் 8பி. வால் பைட் போனபின் மிஞ்சுவது வைரக்கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

இதற்கு, உரையில் தேடி மாற்றும் ‘செட்’ கட்டளைதான் சரி. மூன்று பைட்டையும் ஒரே தொடராக, ஒவ்வொன்றின் முன்னும் பின்சாய்கோடும் எக்ஸும் இட்டு எழுதினால், அந்த வரிசை முழுதாக வரும் இடத்தை மட்டும் தொடும். கோப்பையே நேரடியாக மாற்றும் ‘மைனஸ் ஐ’யோடு ‘.பேக்’ என்று இடைவெளி விடாமல் சேர்த்தால் பழைய கோப்பும் பத்திரமாக இருக்கும். வெளியீட்டை > போட்டு அதே கோப்புக்குத் திருப்பாதீர்கள். கட்டளை ஓடுமுன்பே ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும்.

யு+200சி என்ற, எழுத்துகளை ஒட்டவிடாத அகலமில்லாக் குறி வேறு சங்கதி. க், ஷ இரண்டும் ஒட்டி க்ஷ ஆகாமல் தடுக்க அதை வேண்டுமென்றே இடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது.

வரிக்கடைசி ஸ்பேஸையும் டேப்பையும் நீக்கச் சொல்லியும் செட் அசையவில்லையா? கோப்பு விண்டோஸிலிருந்து வந்திருக்கும். அங்கே வரி 13, 10 (இவை பதின்ம எண்கள்) என்ற இரு பைட்டுகளில் முடியும். செட்டுக்கு 10தான் வரிமுடிவு. ஸ்பேஸுக்கும், வரிக்கடைசியைச் சுட்டும் $ குறிக்கும் நடுவே 13 குறுக்கே நிற்கிறது. முதலில், விண்டோஸ் வரிமுடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றும் ‘டாஸ்2யுனிக்ஸ்’ ஓட்டுங்கள். கோப்பைத் திரையில் காட்டும் ‘கேட்’ கட்டளையை ‘மைனஸ் ஏ’ (பெரிய ஏ) சேர்த்து ஓட்டினால் அது அந்த 13ஐ ^எம் என்று காட்டும். தமிழ் வரிகளையும் அது குறியீட்டுக் குப்பையாக்கிவிடும் என்பதால் வரிமுனையை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, வரி உடையாத இடைவெளி: யு+00ஏ0. கண்ணுக்குச் சாதாரண ஸ்பேஸ்தான், ஆனால் எல்லா வகை இடைவெளியையும் ஒன்றாகத் தேட உதவும் லினக்ஸின் [[:ஸ்பேஸ்:]] வகுப்பில் அது சேராது. சி2 ஏ0 என்ற இணையை ஸ்பேஸாக மாற்றுங்கள். வெறுமனே நீக்கினால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

நிரல்களைத் தொகுக்கும் கட்டளைகள் அடங்கிய மேக்ஃபைலில் கட்டளை வரியின் முன்னே டேப் இருந்தே ஆக வேண்டும். அமைப்புக் கோப்புகள் எழுதும் யாமல் வடிவத்தில் உள்தள்ளலுக்கு டேப்பே கூடாது. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் வரிக்கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் வரி முறிவு. ஒரே கட்டளையை எல்லாக் கோப்பிலும் ஓட்டுவது அதனால்தான் ஆபத்து.

முடித்ததும் கோப்பை, எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளை வழியே யுடிஎஃப்-8இலிருந்து யுடிஎஃப்-8க்கே மாற்றிப் பாருங்கள். எழுத்து உடைந்திருந்தால் எந்த இடத்தில் என்று சொல்லி நின்றுவிடும்.