டகோட்டாவுக்குச் சாயம்

பினாங்குத் தீவிலிருந்து ஃபெரி பிடித்துப் பட்டர்வொர்த் பக்கம் வருபவர்களுக்கு அங்கிருக்கும் விமானப்படைத் தளம் தெரிந்த இடம்தான். பிரிட்டிஷ் விமானப்படை 1941இல் திறந்தது. 1958இல் ஆஸ்திரேலிய விமானப்படையின் கைக்குப் போய், 1988இல் மலேசியாவிடம் வந்தது. ஆஸ்திரேலியர் காலத்தில் சேபர், மிராஜ் போர் விமானங்கள் இரைந்துகொண்டிருந்த அதே ஓடுபாதையில் ஒரு சாதுவான சரக்கு விமானமும் இறங்கி ஏறியது. இரண்டு பிஸ்டன் என்ஜின், பின்னால் ஒரு சின்னச் சக்கரம், தரையில் நிற்கும்போது வானத்தைப் பார்த்து நிமிர்ந்த மூக்கு. டக்ளஸ் சி-47, எல்லார் வாயிலும் டகோட்டா.

அதன் மூத்த உடன்பிறப்பான டிசி-3 என்ற பயணிகள் விமானம் முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17இல். ராணுவ வகை பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் காட்டுக்குள் இருந்த படைகளுக்குப் பாராசூட்டில் உணவு இறக்கியதும், ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ‘சரணடையுங்கள்’ என்று வானத்திலிருந்து கூவியதும் இந்த விமானம்தான். தோட்டப்புறத்தில் நம் தாத்தா பாட்டிமார் அண்ணாந்து பார்த்த விமானம் என்று சொன்னால் மிகையில்லை.

இன்று அதை வீட்டுக் கணினியில் ஓட்டலாம். சிமுலேட்டரில் டகோட்டாவின் உருவம் தயாராகக் கிடைக்கிறது. பட்டர்வொர்த் டகோட்டாவின் தோற்றம் வேண்டுமென்றால் சாயத்தை நாம்தான் பூசிக்கொள்ள வேண்டும். ரீபெயிண்ட் என்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது வண்ணம் தீட்டும் வேலையாகத் தெரியும். உண்மையில் நாம் கணினிக்குச் சொல்லித் தருவது, அந்த உடம்பின் ஒவ்வொரு இடமும் வெளிச்சம் பட்டால் என்ன செய்யும் என்பதை. நிறம் அதில் ஒரு பங்குதான்.

கணினிக்குள் இருக்கும் விமானம் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆன கூடு. அதன் மேல்தோலை வெட்டிப் பிரித்து, தட்டையான ஒரு சதுரப் படத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். அந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். படத்தின் எந்தப் புள்ளி உடம்பின் எந்த இடத்தில் போய் ஒட்ட வேண்டும் என்பதை முக்கோணங்களின் முனைகளே நினைவில் வைத்திருக்கும். டகோட்டாவின் நடு உடம்பு கிட்டத்தட்ட உருளை. வெட்டி விரித்தால் மடிப்பில்லாமல் படுத்துக்கொள்ளும். மூக்கு அப்படியில்லை. ஈப்போ பம்ளிமாஸின் தோலை உரித்து மேசையில் அழுத்தினால் ஓரம் கிழியும் அல்லவா, அதே சிக்கல். இரண்டு திசையிலும் வளைந்த பரப்பைச் சிதைவில்லாமல் தட்டையாக்க முடியாது என்று 1827இலேயே ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் நிறுவிவிட்டார். எனவே, மூக்கைச் சுற்றி நேராக ஓட வேண்டிய நீலக் கோட்டைத் தட்டைப் படத்தில் கோணலாக வரைந்தால்தான் விமானத்தில் அது நேராகத் தெரியும்.

வேலையை மிச்சம் பிடிக்கச் சில விமானங்களில் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே படத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். அப்போது ஒரு பக்கத்துக்கு எழுதிய எண் மறுபக்கத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். ஆஸ்திரேலிய டகோட்டாக்களின் எண் ஏ65 என்று தொடங்கும். அதைத் திருப்பிப் படித்தால் எப்படி இருக்கும்? ஆனால் அதே படையின் வட்டச் சின்னத்துக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. 1956 முதல் அதன் நடுவில் ஒரு சிவப்புக் கங்காரு பாய்கிறது. விமான உடம்பில் அது எந்தப் பக்கம் இருந்தாலும் மூக்கைப் பார்த்துத்தான் பாய வேண்டும் என்பது விதி. கண்ணாடிப் பிம்பமே அங்கே சரியான விடை.

அடுத்தது அளவு. டகோட்டாவின் நீளம் ஏறக்குறைய 19.4 மீட்டர். அதை 4096 பிக்சல் அகலப் படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கிடத்தினால் ஒரு பிக்சலுக்கு 4.7 மில்லிமீட்டர் வரும். 8 அங்குல உயர எண்ணுக்கு 43 பிக்சல் கிடைக்கும், அது போதும். கதவோரம் எச்சரிக்கைக்காக அச்சிடும் ஓர் அங்குல எழுத்துக்குக் கிடைப்பது வெறும் ஐந்து. ஐந்து பிக்சல் உயரத்தில் ‘மிதிக்காதே’ என்று எழுதினால் அது எழுத்தாக இராது, அழுக்காகத்தான் தெரியும். அதனால்தான் சின்ன எழுத்துகளுக்குத் தனிப் படம் வைத்து, உடம்பின் மேல் ஸ்டிக்கர் மாதிரி படிய வைக்கிறார்கள்.

இதுவரை சொன்னது வடிவம். இனிதான் எனக்குப் பிடித்த பகுதி.

இன்றைய சிமுலேட்டர்கள் நிறப்படம் ஒன்றோடு நிற்பதில்லை. இந்த இடம் உலோகமா, இல்லையா? எவ்வளவு சொரசொரப்பு? எங்கே மேடு, எங்கே பள்ளம்? இவற்றுக்கும் தனித்தனிப் படங்கள் உண்டு. காரணம் இயற்பியல். சாயம் பூசிய பரப்பை நேர் எதிரே நின்று பார்த்தால், விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் மேற்பரப்பிலேயே தெறிக்கும். மற்றது சாயத்துக்குள் நுழைந்து, நிறமித் துகள்களில் மோதி, நிறம் ஏறி வெளியே வரும். நாம் பார்க்கும் நீலமும் சிவப்பும் அதுதான். உலோகம் வேறு சாதி. அதற்குள் நுழையும் ஒளியைக் கட்டற்ற எலெக்ட்ரான்கள் விழுங்கிவிடும்; உள்ளே போய்த் திரும்பி வருவது எதுவுமில்லை. அலுமினியம் ஒளியில் சுமார் 91 சதவீதத்தை மேற்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே அலுமினியத்தைச் சாம்பல் நிறத்தால் வரைவது தவறு. 0 முதல் 255 வரையான அளவில் 245ஐ ஒட்டிய, ஏறத்தாழ வெள்ளையான நிறத்தைக் கொடுத்து, ‘இது உலோகம்’ என்று குறித்துவிட வேண்டும். சாம்பலோ நீலமோ, சுற்றியுள்ள வானமும் தரையும் அதில் தானாக வந்து விழும்.

டகோட்டாவில் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. என் அக்கா மகன் தன் விமானத்தைத் திரையில் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, பட்டர்வொர்த் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“தம்பி, சுக்கானுக்கு ஏன் தகரம் போட்டிருக்க? அது துணி லா.”

“துணியா அங்கிள்? படத்துல வெள்ளியா மின்னுதே!”

“டோப்பு அடிச்சா மின்னத்தான் செய்யும். விரலால தட்டுனா சத்தத்துலயே தெரிஞ்சிடும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. டகோட்டாவின் உடம்பும் இறக்கையும் அலுமினியத் தகடு. ஆனால் அசையும் பாகங்களான சுக்கான், மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலிவேட்டர், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையோரம் இருக்கும் எய்லரான் ஆகியவற்றின் மேலே போர்த்தியிருப்பது துணி. அந்தத் துணி வெயிலில் இற்றுப் போகாமல் இருக்க, அலுமினியத் தூள் கலந்த டோப்பைப் பூசுவார்கள். டோப்பு என்பது துணியை இறுக்கிப் பிடிக்கும் ஒருவகைப் பூச்சு. புற ஊதாக் கதிரைத் தூள் தடுத்துவிடும். தகடும் துணியும் தூரத்தில் ஒரே வெள்ளி. கிட்டே போனால், தகட்டில் மேகம் தெரியும், துணியில் மங்கலான ஒரு வெளிச்சம் மட்டும் பரவும். நுண்ணிய தூள்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடப்பதால் ஒளி சிதறிப் போகிறது. தம்பி சொரசொரப்பு எண்ணைக் கூட்டி, நிறத்தையும் சற்று இறக்கினான். அரை நிமிட வேலை. வால் அப்போதுதான் வாலாயிற்று.

அழுக்கும் இதே கணக்குத்தான். புகைக்கறை என்றதும் பலர் கறுப்புத் தூரிகையை எடுத்து இழுத்துவிடுகிறார்கள். அந்தக் காலப் பெட்ரோலில் டெட்ரா எத்தில் ஈயம் கலந்திருந்தது. என்ஜினுக்குள் ஈயம் படியாமலிருக்க புரோமின் சேர்மம் ஒன்றையும் சேர்த்தார்கள். எரிந்தபின் ஈயம் ஈய புரோமைடாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். அது படியும் இடம் வெளிர் சாம்பலும் மணல் நிறமுமாக இருக்கும். எரிபொருள் மிகுந்த கலவையில் ஓடும்போதுதான் கரி கறுப்பாகப் படிகிறது. இரண்டும் அடுக்கடுக்காகச் சேர்ந்ததே உண்மையான கறை. எண்ணெய்க் கசிவு இதற்கு நேர் எதிர். அது நிறத்தை மாற்றுவதைவிடப் பளபளப்பைத்தான் மாற்றும். சொரசொரப்புப் படத்தில் என்ஜின் கூட்டின் அடியிலிருந்து காற்றோடும் திசையில் சில கோடுகளை வழவழப்பாக்கினாலே ஈரம் தெரியும்.

முதுகின் வெள்ளைக்கும் ஒரு கதை உண்டு. வெப்ப நாடுகளில் பறந்த விமானங்கள் பலவற்றுக்கு, உள்ளே சூடு ஏறாதிருக்க, கூரையில் வெள்ளை பூசினார்கள். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை உள்வாங்கி, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே மெல்ல உடைக்கிறது. பிசின் போனதும் நிறமி பொடியாக மேலே நிற்கும். கையால் தடவினால் சுண்ணாம்பு ஒட்டும். நம் வெயிலில் ஆண்டுகள் நின்ற விமானத்தின் முதுகு பளபளவென்றிருந்தால் நம்பாதீர்கள்.

சரியான நிறத்தை எங்கே தேடுவது? பழைய வண்ணப் படங்களை அப்படியே நம்ப முடியாது. படச்சுருளின் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விட்டால் படம் முழுக்கச் சிவந்துவிடும். படத்தில் உறுதியாக வெள்ளையாக இருந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருத்த வேண்டும். கறுப்பு வெள்ளையில் வேறொரு பொறி: ஆர்த்தோக்ரோமாட்டிக் சுருளுக்குச் சிவப்பு தெரியாது, அதில் சிவப்பு கறுப்பாக விழும். இதைவிடச் சாய அட்டை உறுதியானது. பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 381சி அட்டையில் 110ஆம் எண்ணுக்கு ரவுண்டல் புளூ, அதாவது வட்டச் சின்ன நீலம், என்றே பெயர்.

கடைசியில் படத்தைச் சுருக்க வேண்டும். 4096 பிக்சல் சதுரப் படம் ஒன்று சுருக்காமல் 64 மெகாபைட் இடம் பிடிக்கும். பிசி1 என்ற முறையில் அது 8 மெகாபைட்டாகிவிடும். அந்த முறை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டமாக எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டைக் கணக்கிட்டு நிரப்பும். வெள்ளை முதுகுக்கும் வெள்ளி வயிற்றுக்கும் இது தாராளம். ஆனால் கங்காருவின் வால் நுனியில், ஒரே கட்டத்துக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சந்திக்கின்றன. மூன்றை இரண்டுக்குள் அடைக்கப் பார்த்தால் ஓரம் சேறாகும். பிசி7 முறை ஒரு கட்டத்தை மூன்று பகுதிகள் வரை பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி நிறங்களைக் கொடுக்கும். அதற்கு 16 மெகாபைட். சின்னமும் எண்ணும் இருக்கும் படத்துக்கு மட்டும் பிசி7, மற்றவற்றுக்கு பிசி1 என்று வைத்துக்கொண்டால் நினைவகமும் நிறையாது, கங்காருவின் வாலும் கூர்மையாக நிற்கும்.