சுழல்காற்றில் வீடு போனால்: நிவாரணம் யாருக்கு, எவ்வளவு, எப்படி?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து பணம் வருவதற்கு முதல் நிபந்தனை, நடந்தது பட்டியலில் உள்ள பேரிடராக இருக்க வேண்டும். மத்திய அரசின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி, தீ, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், கடுங்குளிர் ஆகியவை இருக்கின்றன. டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று இல்லை. ஆனால், நிதியின் ஆண்டு ஒதுக்கீட்டில் 10 சதவீதம் வரை தன் மாநிலத்துக்கே உரிய பேரிடர்களுக்குச் செலவிட ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிகாரம் உண்டு. ஒடிசா அப்படி டொர்னாடோவையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2009 மார்ச் 31 அன்று கேந்திரபாரா மாவட்டத்தின் ராஜ்கனிகா வட்டாரக் கிராமங்களை டொர்னாடோ சூறையாடிய மாநிலம் அது.

இந்தக் காற்றில் இன்னொரு சிக்கல். குறுகலான ஒரு பட்டையில்தான் அடிக்கும். தெற்குத் தெருவில் ஓடு ஒன்று மிஞ்சாது, வடக்குத் தெருவில் முருங்கை மரம்கூட ஒடியாமல் நிற்கும். பக்கத்து வானிலை நிலையத்தில் எதுவும் பதிவாகாமலும் போகலாம். அதனால் மனுவில் ‘பலத்த காற்றால் சேதம்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது, எத்தனை வீடுகள் என்று எழுதுங்கள். கூடவே ஆலங்கட்டி விழுந்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், கரைவதற்குள் படமும் எடுங்கள். ஆலங்கட்டி மழை மத்தியப் பட்டியலில் இருக்கிறது.

இனி தொகை. 2022-23 முதல் 2025-26 வரைக்கான உள்துறை அமைச்சக விதிமுறைப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. கான்கிரீட் வீடானாலும் மண்சுவர் வீடானாலும் இதே தொகைதான். குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த வீடு என்றால் கெட்டியான வீட்டுக்கு 6,500, மண்சுவர் போன்ற கச்சா வீட்டுக்கு 4,000. குடிசைக்கு 8,000. ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு 3,000. இது மத்திய அளவுகோல். மாநிலங்கள் தம் பணத்திலிருந்து கூட்டித் தரலாம். ஃபெஞ்சல் புயலின்போது தமிழக அரசு குடிசைக்கு 10,000 அறிவித்தது.

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இங்கேதான். குடிசை என்று எழுதப்பட்டால் 8,000. கச்சா வீடு என்று எழுதப்பட்டு முழுச் சேதம் என்றும் வந்தால் 1,20,000. கீற்று, மண், பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றால் போட்ட தற்காலிகக் கட்டுமானத்தையே விதி குடிசை என்கிறது. மண்சுவர் எழுப்பி ஓடோ சிமென்ட் ஷீட்டோ போட்ட வீட்டை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் உடனே ஆட்சேபியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்வையிட வரும்போது உடனிருந்து, எந்த வகையில், எத்தனை சதவீதம் எனக் குறிக்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அறிக்கை வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போய்விட்ட பிறகு திருத்துவது பெரும்பாடு.

வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. புறம்போக்கில் இருப்பவர்களின் மனு பெரும்பாலும் இதில்தான் முட்டும். பட்டா இல்லையென்றால் வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு விவரம், அந்த முகவரியிலுள்ள ரேஷன் அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் இணையுங்கள். காகிதங்கள் காற்றோடு போயிருந்தாலும் பதறவேண்டாம். பட்டா நகலை இணையத்தில் எடுக்கலாம், வரி விவரம் ஊராட்சிப் பதிவேட்டில் இருக்கும்.

அறுந்த மின்கம்பியைத் தொடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077. இடிபாடுகளை அகற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஒரு படத்திலாவது பக்கத்து வீடோ கோயிலோ தெரியட்டும். மழை பெய்யும்போது அதிகாரி வரும்வரை கூரையில்லாமல் காத்திருக்க முடியாதுதான். படமெடுத்துவிட்டுத் தார்ப்பாய் போட்டுக்கொள்ளலாம்.

செத்த மாட்டைப் புதைத்துவிட்டு மனு கொடுப்பது பயனில்லாத வேலை. முதலில் அரசு கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று. கறவை மாட்டுக்கு 37,500 (மூன்று வரை), உழவு மாட்டுக்கு 32,000, ஆட்டுக்கு 4,000 (முப்பது வரை), கோழிக்கு 100 ரூபாய். மனித உயிரிழப்புக்கு 4 லட்சம். இதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றும் வேண்டும். பலத்த காயத்துடன் ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000, குறைவாக இருந்தால் 5,400. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் சேர்ந்த நாளும் வெளியேறிய நாளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிருக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு மானாவாரி 8,500, பாசனம் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500, இரண்டு ஹெக்டேர் வரை. பயிர்க் காப்பீடு தனிக் கதை. 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு உதவி எண்ணான 14447-இல் சொன்னால் தனி வயலுக்கு இழப்பீடு கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்கும் பயிரைப் பொறுத்தவரை அந்த வசதி ஆலங்கட்டி, நிலச்சரிவு, நீர் தேங்கல், மேகவெடிப்பு, இயற்கைத் தீ ஆகியவற்றுக்குத்தான். வெறும் காற்றில் சாய்ந்தால் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே கணக்கு.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் தாமதம் ஆகும். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் மைனாகுரியில் டொர்னாடோ அடித்தபோது, வீட்டு உதவிக்குத் தேர்தல் ஆணையத்தின் அனுமதியை மாநில அரசு கேட்க வேண்டியிருந்தது. காத்திருக்கும் நாட்களில் வங்கிக் கணக்கு முடங்காமல் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். மனுவில் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.