ஸ்டிக்மா: களங்கமா, பழிமுத்திரையா?

மனநலம் பற்றிய பேச்சில், ஒருவர்மேல் சமூகம் சுமத்தும் பழியையும் அவமானத்தையும் குறிக்கும் ‘ஸ்டிக்மா’ என்ற சொல் வராமல் இருப்பதில்லை. தமிழில் எழுதும்போது பெரும்பாலும் அதைக் ‘களங்கம்’ அல்லது ‘சமூகக் களங்கம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘மனநோய் களங்கம் அல்ல’ என்ற வாசகமும் நல்ல எண்ணத்தில் எழுதப்படுவதுதான். ஆனால் அந்தச் சொல் தவறான ஆளைச் சுட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, ஏற்கெனவே ஓரங்கட்டப்பட்ட மக்களைப் பற்றிப் பேசும்போது அந்தத் தவறு பெரிதாகிவிடுகிறது.

கிரேக்கத்தில் ‘ஸ்டிஸெயின்’ என்றால் குத்துதல். குத்தியதால் உண்டான அடையாளம் ‘ஸ்டிக்மா’. ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைகள், குற்றவாளிகள், போர்க்கைதிகள் ஆகியோரின் உடலில் இதைக் குத்தினார்கள். அடிமைகளுக்கு நெற்றியில் குத்துவதும் உண்டு. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். கிரேக்கர்கள் பெரும்பாலும் செய்தது ஊசியும் மையும் கொண்டு பச்சை குத்தியது. ரோமானியர் சொல்லையும் வழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார்: சுரங்க வேலைக்குத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு முகத்தில் குத்தக் கூடாது, கையிலும் கெண்டைக்காலிலும் குத்தலாம். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவர் ஏட்டியஸ், இந்த மையைத் தயாரிக்கும் முறையையும் குத்திய அடையாளத்தை அழிக்கும் மருந்தையும் எழுதி வைத்திருக்கிறார். அழித்தே தீர வேண்டும் என்று தவித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் சொல் பல திசைகளில் போனது. தாவரவியலில் பூவின் சூலகமுடிக்கு அது பெயரானது. கிறித்தவ மரபில், 1224இல் பிரான்சிஸ் அசிசியார் உடலில் தோன்றியதாகச் சொல்லப்படும் இயேசுவின் காயங்களைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் உடலில் இட்ட அடையாளம் என்பதே பொருள். அவமானம், பழி என்ற பொருள் பிறகு ஏறியது.

இன்றைய பொருளை நிலைநிறுத்தியவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1963இல் அவர் ஸ்டிக்மாவை மூன்றாகப் பிரித்தார்: உடலில் தெரியும் குறை, குணத்தின் குறையாகக் கருதப்படுவது, இனம், நாடு, மதம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருவது. மனநோயை இரண்டாவதில் வைத்தார். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மன அழுத்த நோய் வந்தால், மூன்றாவதோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்கிறது. 2001இல் புரூஸ் லிங்க், ஜோ ஃபெலன் என்ற இருவரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: அதிகாரம் இல்லாமல் ஸ்டிக்மா நடக்காது. நோயாளிகள் தங்களுக்குள் மருத்துவருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தாலும் அவருடைய வேலை போகாது. மருத்துவர் கோப்பில் எழுதும் ஒரு சொல்லால் நோயாளியின் வேலை, வீடு, பிள்ளை வளர்க்கும் உரிமை எல்லாமே கைவிட்டுப் போகலாம்.

சரி, தமிழுக்கு வருவோம். களங்கம் என்பது கறை, மறு. நிலவின் களங்கம் நிலவில்தான் இருக்கிறது. அதை வைத்தவர் என்று யாரும் இல்லை. ஆகவே களங்கம் என்று சொன்ன உடனே அழுக்கு அந்த மனிதர்மேல் இருப்பதாகிவிடுகிறது. ‘அல்ல’ என்று சேர்த்தாலும் கண் அவர்மேல்தான் போகிறது. ‘இழுக்கு’ என்பதும் அப்படியே.

‘வடு’ இன்னும் நெருக்கமான சொல். ‘நாவினாற் சுட்ட வடு’ (குறள் 129) என்னும்போது சுட்டவர் ஒருவர் இருப்பது தெரிகிறது. ‘வடுப்பரியும் நாணுடையான்’ (குறள் 502) என்னும்போது வடு என்றாலே பழி. தழும்பு, பழி என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருப்பதால் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ‘மனவடு’, ‘உளவடு’ என்ற சொற்கள் ஏற்கெனவே ‘ட்ராமா’வுக்கு, அதாவது கொடிய அனுபவம் மனதில் விட்டுச்செல்லும் காயத்துக்கு, நிலைத்துவிட்டன. மனநலத் துறையிலேயே இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் தேர்வு ‘பழிமுத்திரை’. வினையாக ‘முத்திரை குத்துதல்’ என்று நாம் தினமும் பேசுகிறோம். பச்சை குத்துதலில் உள்ள அதே ‘குத்து’, கிரேக்க வேரின் பொருளும் அதுவே. முத்திரை தானாக விழாது. யார் குத்தினார்கள் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கேள்வி ஏன் தேவை? 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பி ஓடும் கறுப்பின அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக எழுதினார். வைத்த பெயர் ‘டிராபெடோமேனியா’. கிரேக்கத்தில் ‘டிராபெடெஸ்’ என்றால் ஓடிப்போன அடிமை. ஒரு காலத்தில் நெற்றியில் குத்தியதை இவர் நோய்ப்பெயராகக் குத்தினார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். இந்த வரலாற்றைச் சுமக்கும் மக்கள் மனநல மருத்துவரிடம் போகத் தயங்கினால், அதை ‘அறியாமை’ என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. பட்டறிவால் வந்த அவநம்பிக்கை அது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாத் தடையையும் ஸ்டிக்மா என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அம்மாவுக்கு அந்த நாட்டு மொழி தெரியாது. மொழிபெயர்க்க வந்திருப்பவள் பள்ளியில் படிக்கும் மகள். மருத்துவர் கேட்பதை அவள் சொல்ல வேண்டும்: “அம்மா, சாகணும்னு உங்களுக்குத் தோணுதான்னு கேக்குறாங்க.” அம்மா மகளின் முகத்தைப் பார்த்து “இல்லன்னு சொல்லு” என்கிறார். கோப்பில் ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்று பதிவாகிறது. இங்கே குறை அந்த அம்மாவின் கூச்சத்தில் இல்லை. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது. இதற்கு ‘அணுகுதடை’ என்று தனிச்சொல் வேண்டும். தொலைவு, செலவு, கூலியை இழக்காமல் வர முடியாத நேரம், முகவரிச் சான்று கேட்கும் படிவம் எல்லாம் இதில் அடங்கும்.

பழிமுத்திரை என்று வைத்துக்கொண்டால் கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. ஊரார் சொல்வதை நம்பித் தன்னையே தாழ்வாக நினைப்பது ‘தன்மேல் குத்திக்கொண்ட முத்திரை’. சட்டமும் விதிகளும் செய்வது ‘அமைப்பு குத்தும் முத்திரை’. நீளமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும், படித்ததும் புரிகிறதே.

சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜப்பான் ஒரு பதில். ஸ்கிசோஃப்ரினியா என்ற தீவிர மனநோய்க்கு அங்கே வழங்கிய பெயர் ‘மனம் பிளந்த நோய்’ என்ற பொருள் தந்தது. மருத்துவர்களே நோயாளியிடம் அதைச் சொல்லத் தயங்கினார்கள். 2002இல் பெயரை ‘ஒருங்கிணைப்புக் குலைவு’ என்ற பொருள்பட மாற்றினார்கள். அதன்பின் மூன்றே ஆண்டுகளில், தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்ட நோயாளிகளின் பங்கு சுமார் 37 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டை நெருங்கியது. பாகுபாடு அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனால் மருத்துவரும் நோயாளியும் ஒரே நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தமிழில் அந்த நோயை நாம் இன்னும் ‘மனச்சிதைவு’ என்றே எழுதுகிறோம். அதற்கு மாற்று தேடுவோர் முதலில் அந்த நோயோடு வாழ்பவர்களையும் அவர்கள் வீட்டாரையும் கேட்கட்டும். ஜப்பானில் பெயரை மாற்றச் சொல்லி 1993இல் மனநல மருத்துவர் சங்கத்தின் கதவைத் தட்டியது நோயாளிக் குடும்பங்களின் கூட்டமைப்புதான்.