புழுக்கை விழாத தட்டு

தீபாவளிக்கு மறுநாள் மாலை. கொடைக்கானல் மூடுபனிக்குள் போய்விட்ட நேரம். கூண்டைச் சுத்தம் செய்யத் தகரத் தட்டை வெளியே இழுத்தேன். காலையில் கழுவி வைத்தது அப்படியே இருந்தது. ஒரு புழுக்கைகூட இல்லை.

ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 புழுக்கை வரை போடும். அதை அள்ளிக் கொட்டுவதற்குச் சலித்துக்கொள்ளாத முயல் வளர்ப்பவர் யாரும் இருக்க மாட்டார். அள்ள ஒன்றும் இல்லாத நாளில் வருகிற கலக்கத்தை நான் அன்றுதான் அறிந்தேன்.

எங்கள் முயலின் பெயர் துரை. சாம்பல் நிறம், இரண்டரைக் கிலோ எடை. யார் வந்தாலும் எழுந்திருக்காமல் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும் தோரணைக்காக மகள் வைத்த பெயர். அன்று அந்தத் தலையும் திரும்பவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டினால் முகத்தை விலக்கிக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா குளிர் தாக்கிவிட்டது என்றார். மாமனார் திருஷ்டி என்றார். மருந்துக்கடையில் கேட்டதற்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பில் கால் மூடி கொடுக்கச் சொன்னார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். எங்கள் முயலுக்கு அன்று ஆளுக்கொரு கணக்கில் கால் முளைத்தது.

குளிர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உடல் முழுக்க அடர்ந்த ரோமம், வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வசதி அநேகமாக இல்லை, சூட்டை வெளியேற்ற நீண்ட காதுகள்தான் உண்டு. இப்படி அமைந்த பிராணிக்கு வெயில்தான் பகை. 30 டிகிரியைத் தாண்டினால் தவித்துப்போகும். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு ஆராய்ச்சி மையத்தில், ஆடுகளோடு வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்களையும் வளர்க்கிறார்கள். அவற்றுக்கு மலைக்குளிர் ஒத்துப்போகிறது. ஈரமும் வாடைக்காற்றும் படாமல் இருந்தால் கொடைக்கானல் குளிருக்காக எந்த முயலும் சாப்பாட்டை வெறுக்காது.

அப்படியானால் ஏன் வெறுத்தது? இதற்கு முயலின் வயிற்றுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

நமக்கு ஒருவேளை பசிக்கவில்லை என்றால் ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று வயிற்றைக் காயப்போடுகிறோம். நாய்க்கும் பூனைக்கும்கூட ஒரு நாள் பட்டினி பெரிய விஷயமில்லை. முயலுக்கு அந்த மருந்தே விஷம். அதன் இரைப்பை காலியாக இருப்பதற்காக அமைந்ததே இல்லை. இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் உள்ளே போய்க்கொண்டும், பின்னால் புழுக்கை வந்துகொண்டும் இருக்க வேண்டும்.

புல்லைத் தின்று வாழ்வது லேசான காரியமில்லை. மாடு அதற்காகப் பெரிய வயிற்றை முன்பக்கம் சுமந்துகொண்டு, சாவகாசமாகப் படுத்து அசை போடுகிறது. நரிக்கும் பருந்துக்கும் பயந்து ஓட வேண்டிய முயலுக்கு அந்தச் சொகுசு இல்லை. அது புல்லை வேகமாக மென்று விழுங்கிவிட்டு, புளிக்க வைக்கும் வேலையைக் குடலின் பின்பகுதிக்குத் தள்ளிவிடுகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பை இருக்கிறது. நம் உடலில் அது சிறு முடிச்சுப்போல ஒதுங்கிவிட்ட உறுப்பு. முயலுக்கோ இரைப்பையைவிடப் பல மடங்கு பெரியது. வயிற்றுக்குள் சுருண்டு பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள், இட்லி மாவு புளிப்பதுபோல் புல்லைப் புளிக்க வைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் தின்ற புல் முழுவதையும் அங்கே அனுப்பினால் பை சீக்கிரமே நிரம்பிவிடும். அதனால் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு புடைப்பு வேலை நடக்கிறது. அம்மா முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கரடுமுரடான நார்த் துண்டுகளைக் குடல் முன்னோக்கித் தள்ளி, தண்ணீரைப் பிழிந்து, உருண்டையாக்கி வெளியே போட்டுவிடுகிறது. நாம் அள்ளும் காய்ந்த புழுக்கை அதுதான். பொடித் துகள்களையும் சாற்றையும் எதிர்த்திசையில், பின்னோக்கி, சீக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே குழாய், இரண்டு திசை ஓட்டம். குடலில் உள்ள தடித்த ஒரு சிறு பகுதி தாளம் போட்டு இதை நடத்துகிறது. முயல் குடும்பத்தைத் தவிர வேறு எந்தப் பிராணிக்கும் இந்தத் தாளக்காரர் கிடையாது.

சீக்கத்தில் புளித்த சரக்கு நாளுக்கு ஓரிரு முறை, பெரும்பாலும் முயல் ஓய்ந்திருக்கும் வேளையில், திராட்சைக் கொத்துபோல் பளபளப்பான மெல்லிய உருண்டைகளாக வெளிவரும். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்து நேராக அதை வாங்கி விழுங்கிவிடும். பார்த்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நுண்ணுயிரிகள் செய்து வைத்த புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. மாடு மேல்வழியாகச் செய்யும் அசைபோடலை முயல் கீழ்வழியாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது ஒன்று. முயலின் உடலுக்கு எந்தச் சத்தும் தராமல் வெளியே போகிற அந்த முரட்டு நார்தான் இந்த முறத்தையே ஆட்டுகிறது. குடல் சுவரை உரசித் தள்ளி அசைவைத் தூண்டுவது அதுதான். நார் வரத்து நின்றால் முறம் நிற்கும். முறம் நின்றால் பசி எடுக்காது. பசி எடுக்காவிட்டால் நார் வராது.

இந்தச் சுழலுக்குள் முயலைத் தள்ளிவிட ஒரு சிறு வலியோ பயமோ போதும். துரைக்கு முந்தைய நாள் முழுக்க வெடிச் சத்தம். பயத்திலும் வலியிலும் சுரக்கும் அட்ரினலின் குடலின் அசைவை அடக்கிவிடும். அசைவு நின்றதும் இரைப்பையில் கிடக்கும் சரக்கு நீர் வற்றி, பிசைந்த களிமண்ணாக இறுகும். சீக்கத்தில் காற்று சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய் அவ்வளவு இறுக்கம். காற்று ஊதி குடல் விரிய விரிய வலி கூடும். வலி கூடக் கூட இன்னும் சாப்பிடாது. பட்டினி நீண்டால் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொண்டு கொட்டும். கொழுத்த முயல்கள் பல இதில்தான் போகின்றன. 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் ஒரு முயல் இருந்தால் நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகக் கூடாது.

உடல் முழுக்க நக்குவதால் முடி உருண்டை வயிற்றை அடைத்துக்கொண்டது என்றும், அன்னாசிச் சாறு கொடுத்தால் கரையும் என்றும் ஒரு வைத்தியம் உலவுகிறது. முடி எல்லா முயலின் வயிற்றிலும் எப்போதும் இருக்கிறது. குடல் ஓடும்வரை அது புழுக்கையோடு போய்விடும். நின்றபிறகு நீர் வற்றி இறுகியதைப் பார்த்து முடியைக் குற்றம் சொல்கிறோம். அன்னாசிச் சாறு முடியைக் கரைக்காது. அதிலுள்ள சர்க்கரை கெட்ட நுண்ணுயிரிகளுக்கு விருந்தாகும் என்பது மட்டும் நிச்சயம்.

அன்றிரவே துரையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “தவில் மாதிரி விண்ணென்று இருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது வாயில் எதையும் திணிக்கக் கூடாது. இது பிசைந்த மாவாக இருக்கிறது, நல்லவேளை” என்றார். உடல் வெப்பம் 37.8 டிகிரி. முயலுக்கு 38.5-லிருந்து 40 வரை இருக்க வேண்டும். குறைந்தால் காய்ச்சலைவிட மோசம். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தோம். பிறகு வலிக்கு ஓர் ஊசி, தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன், குடலை அசைக்க ஒரு மருந்து. வலி மருந்துதான் இவற்றில் முதன்மையானது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடைசியில் சின்ன விளக்குக் குழலை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின் உள்விளிம்பு ஊசிபோல் நீண்டு நாக்கைக் கீறியிருந்தது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஆடி, பல்லோடு பல் உரசித் தேயும். பெல்லட் என்று கடையில் விற்கும் குச்சித் தீவனமும் கேரட்டும் நசுக்கினால் போதும், தேய்மானம் கிடையாது. வெடிச் சத்தம் கடைசி உந்துதல் மட்டுமே. பல மாதமாக நாங்கள் ஊட்டியதுதான் ஊசியாக வளர்ந்திருந்தது.

பல்லைத் தேய்த்தது நான்கு நாள் கழித்து, மயக்க மருந்து கொடுத்து. அதற்கு முந்தைய இரவு பட்டினி போட வேண்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்ற பயம், வாந்தியே எடுக்க முடியாத பிராணிக்கு இல்லை, பட்டினிதான் பயம்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வேலை தொடங்கியது. பெல்லட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மிக்சியில் அடித்துக் கூழாக்கினேன். பால், சர்க்கரை எதுவும் சேர்க்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்தால் நார் அடைத்துக்கொண்டது. நுனியை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிய பிறகுதான் சரியாக வந்தது. துரையைத் துண்டில் சுற்றி, மல்லாத்தாமல் மடியில் உட்கார்த்தி வைத்தோம். முயலின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு சந்து உண்டு. அதில் பக்கவாட்டாக நுனியை நுழைத்து அரை மில்லி, அது மென்று விழுங்கியதும் இன்னொரு அரை மில்லி. நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். கிலோவுக்குச் சுமார் 10 மில்லி கணக்கில், சில மணிக்கொரு தடவை ஊட்டச் சொல்லியிருந்தார். முதல் தடவை பாதி என் சட்டையில்தான் போயிற்று.

மிக்சியில் அரைத்த நார் பொடி நார். அது முறத்தை ஆட்டாது; முயலை உயிரோடு வைத்திருக்க மட்டுமே உதவும். அதனால் காய்ந்த புல்லை எப்போதும் அதன் மூக்கருகிலேயே போட்டு வைத்தோம்.

காய்ந்த புல் என்பது இந்த மலையில் ஒரு தனித் தொல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் திமோத்திப் புல்லின் விலைக்கு நாமே புல்லைத் தின்றுவிடலாம். எங்கு பார்த்தாலும் மண்டியிருக்கும் கிக்குயூ புல்லை அறுத்துக் காயவைக்கலாம் என்றால், ஐப்பசி, கார்த்திகையில் வெயில் எங்கே இருக்கிறது? காய்வதற்குள் பூஞ்சணம் பூத்துவிடும். பூஞ்சணம் பிடித்ததைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம். தை, மாசி வெயிலில் காயவைத்து மூட்டை கட்டிப் பரணில் ஏற்றி வைப்பதே வழி என்று இப்போது செய்கிறோம். இருப்பு தீர்ந்தால் கீழேயிருந்து வரும் வைக்கோல். சத்து குறைவு, ஆனால் நார் உண்டு.

கேரட் விளையும் ஊரில் முயலுக்குக் கேரட் கொடுக்காதே என்றால் சிரிக்கிறார்கள். கிழங்கு இனிப்பு, சுண்டுவிரல் துண்டு போதும். சந்தையில் கிள்ளி எறியும் தழைதான் அதற்கு ஏற்ற சாப்பாடு. பிஸ்கட், ரொட்டி கூடாது. அவற்றின் மாவு சீக்கத்தில் க்ளாஸ்ட்ரிடியம் போன்ற கிருமிகளைப் பெருக்கிவிடும். புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்குச் செடி, பட்டர் ஃப்ரூட் மரத்தின் இலையும் பழமும், இவை முயலுக்கு நஞ்சு. மருந்துக்கடைக்காரர் சொன்ன சிரப் அமாக்சிசிலின். அது வாய்வழியே போனால் சீக்கத்தின் நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்று முயலையும் கொல்லும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு உயிராபத்து.

இரண்டாம் நாள் விடிகாலை நாலரை மணி இருக்கும். நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தேன். தகரத் தட்டில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டார்ச் அடித்துப் பார்த்தேன். மிளகளவுதான் இருந்தன, கறுத்து, கோணலாக, இரண்டிரண்டாக முடியில் கோத்தவை. துரை வைக்கோல் குச்சி ஒன்றை நுனியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, தாடை பக்கவாட்டில் ஆட. மகளை எழுப்பிக் கொண்டுவந்து காட்டினேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு குந்தி உட்கார்ந்து எண்ணினாள். பதினொன்று.