சதுரப் பெட்டியும் வளைந்த கூரையும்

லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர் ரயிலில் சிகாகோ போய்ச் சேர ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்த வழியாக? வரைபடத்தில் அடிக்கோலை வைத்து இழுத்த கோடு இங்கே செல்லாது. மேடுதான் முதல் கேள்வி.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதற்குத் தடை மிகக் குறைவு. சமதளத்தில் மெல்லச் செல்லும் 1,000 டன் ரயிலுக்கு இரண்டு டன் எடைக்கு இணையான இழுவிசையே ஏறத்தாழப் போதும். பாதை 100 மீட்டருக்கு ஒரே ஒரு மீட்டர் உயரட்டும்; நம் கண்ணுக்கு அது மேடாகவே தெரியாது. எஞ்சினோ கூடுதலாகப் பத்து டன் விசை தர வேண்டும். கொலராடோ, நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள ராட்டன் கணவாயில் ஏற்றம் 100க்கு 3.5. அதாவது 35 டன்! இறங்கும்போது அத்தனை எடையும் பிரேக்கின் தலையில் விழும்.

சான்டா ஃபே ரயில் நிறுவனம் இந்தத் தொல்லையிலிருந்து தப்ப, நியூ மெக்சிகோவின் பெலன் நகரிலிருந்து கிழக்கே புதுப் பாதை போட்டு 1908இல் திறந்தது. அதில் ஏற்றம் 1.25ஐத் தாண்டாது. அதன் வாரிசான பிஎன்எஸ்எஃப் நிறுவனத்தின் கன்டெய்னர் ரயில்கள் இன்றும் அவ்வழியேதான் ஓடுகின்றன. ராட்டனின் அழகைப் பயணிகள் ரயில் ரசித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது உயரம். கன்டெய்னரை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்கில் ஏற்றினால், தாழ்வான தளம் கொண்ட வண்டியிலும் உச்சி தண்டவாளத்திலிருந்து ஆறு மீட்டரைத் தாண்டும். அப்பலேச்சிய மலைச் சுரங்கங்கள் நிலக்கரி வண்டிக்காகக் குடையப்பட்டவை. இரண்டடுக்கு அவற்றில் நுழைய முடியவில்லை. அதனால் கிழக்குக் கரையின் நார்ஃபோக் துறைமுகத்திலிருந்து ஒஹாயோவுக்குச் செல்லும் இரண்டடுக்கு ரயில்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போயின. 28 சுரங்கங்களைச் சீரமைத்து 2010இல் நேர்வழி திறந்தபோது, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சமானது. கூரையோ வளைவு, பெட்டியோ சதுரம், இடித்தது மேல்மூலைகள்தான். ஆகவே பல சுரங்கங்களில் முழுக் கூரையையும் தொடாமல், இரு மூலைகளை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள்.

மேடும் கூரையும் ஒத்துவந்தாலும் தண்டவாளம் யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய சரக்கு ரயில் நிறுவனத்துக்கும் சொந்தப் பாதை உண்டு. மேற்கத்திய நிறுவனங்களின் எல்லையும் கிழக்கத்திய நிறுவனங்களின் எல்லையும் சிகாகோவில் சந்திக்கின்றன. அங்கே பெட்டிகளை ரயிலோடு ரயிலாகக் கைமாற்ற நெரிசலில் நேரம் பிடிக்கும். எனவே பாலைவனத்தையும் சமவெளியையும் ரயிலில் கடந்துவந்த பெட்டி, பல வேளைகளில் அடுத்த நிறுவனத்தின் முனையம் வரையிலான சில கிலோமீட்டரை லாரியில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று கடக்கிறது.